அவளுக்கு வலிப்பு வரவில்லை

என் மகள் பிறந்தபோது அழவில்லை. அழவைக்க நர்சுக்கு வெகுநேரம் பிடித்தது. அந்த நேரத்தில் மூளைக்குக் காற்று போதாமல் போய்விட்டது என்று பின்னால் டாக்டர் சொன்னார். மூன்று வயதிலும் கழுத்து நிற்கவில்லை. கைகால்கள் விறைத்துக்கொள்ளும், சந்தோஷம் வந்தால் இன்னும் அதிகமாக விறைக்கும். பேச்சு இல்லை. ஆனால் நாங்கள் பேசுவது அத்தனையும் அவளுக்கு விளங்கும். அடுப்படியில் அவள் அம்மா "பால் பொங்குது" என்றால், கூடத்தில் கிடப்பவளின் கண் அடுப்படிப் பக்கம் திரும்பும். ஏழு வயதுக்குள் நாலைந்து சத்தங்களைச் சொற்களாக்கி வைத்திருந்தாள். "ம்மா" அவள் அம்மா. "ப்பா" நான். "தூ" என்றால் தூக்கு. "ஊ" என்றால் கார்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து நான் எதையும் செய்யவில்லை. அவளுக்குத் தெரியும் என்று தெரிந்துதான் செய்தேன்.

எங்களுக்கு வீடு போடிநாயக்கனூரில். போடிமெட்டுக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. எழுபதுகளின் கடைசியில் இரண்டு வருஷம் காய்க்கு நல்ல விலை கிடைத்தது. பழைய கறுப்பு அம்பாசிடர் ஒன்று வாங்கினேன். மலைக்குப் போகிறவனுக்கு ஜீப்புதான் லாயக்கு என்று எல்லோரும் சொன்னார்கள். ஜீப்பில் ஆளும் போகும், லோடும் போகும். எனக்குக் கார்தான் வேண்டியிருந்தது. பஜாரில் நான் இறங்கும்போது நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

மகளுக்கும் அந்தக் கார் பிடித்துப்போனது. மலையடிவாரத்து முந்தல் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் உடம்பை விறைத்துக்கொண்டு கத்துவாள். மெட்டு வரைக்கும் பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் கார் சாயும்போது வாய் கொள்ளாத சிரிப்பு. என் மனைவி அவளை மடியில் போட்டு இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருப்பாள். மேலே போய்ச் சேரும்போது மனைவியின் தோள் மரத்துப் போயிருக்கும்.

ஒருநாள் மேலிருந்து பஸ் ஒன்று வளைவை அடைத்துக்கொண்டு இறங்கியது. பிரேக்கை மிதித்தேன். மனைவியின் முழங்கை கதவுக் கைப்பிடியில் மோதி வீங்கிவிட்டது. பிள்ளையின் வாய் முன் சீட்டில் இடித்து உதடு கிழிந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள்:

"இனிமே மடியில வச்சுக் கொண்டாரமாட்டேன். எங்கை என்ன இரும்பா? ஜீப்புல ஏலக்கா மூட்டை போகுது, அதுக்குக் கயிறு போட்டுக் கட்டுறீக. மூட்டைக்கு இருக்குற காவல் எம்பிள்ளைக்கு இல்லையா?"

அந்தக் காலத்தில் காரோட்டுகிறவனுக்கே இடுப்பு வார் கிடையாது. பிள்ளைகளுக்கென்று தனி சீட்டு உண்டு என்று நாங்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை. மனைவி தானாகவே யோசித்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜீப்புகளுக்குக் கூடாரமும் குஷனும் தைக்கும் பாயிடம் போனாள். நானும் காரோடு கூடப் போனேன். "காரை மட்டும் விட்டுட்டுப் போங்க" என்று சொல்வார் என்று நினைத்தேன். "பிள்ளையக் கூட்டிட்டு வாங்கம்மா, அளவு எடுக்கணும்" என்றார் பாய்.

தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பதுபோல அவளுக்கு அளவெடுத்தார். முதுகு, தோள், தொடை, தலைக்கும் தோளுக்கும் நடுவே எவ்வளவு. ஒவ்வொரு முறை டேப்பை வைக்கும்போதும் "வலிக்குதா தாயி?" என்று அவளிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. பதில் வராத கேள்வியை இவர் ஏன் கேட்கிறார் என்று நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவருக்குப் பதில் கிடைக்கத் தொடங்கிவிட்டது. கண்ணை மூடித் திறந்தால் சரி, வாயைக் கோணினால் வேண்டாம். எனக்கு ஏழு வருஷம் ஆன பாடம் அவருக்கு அரை மணி நேரத்தில் வந்தது.

இரும்புச் சட்டம் அடித்து, தேங்காய் நார் திணித்து, மேலே ரெக்ஸின் போட்டு, தலை இரண்டு பக்கமும் சாயாதபடி காது வைத்து ஒரு சீட்டுச் செய்தார். கூடாரம் கட்டுகிற கான்வாஸில் அகலமான வார். தோலை உராயாமலிருக்க உள்பக்கம் வெல்வெட் துணி. பின்சீட்டில் பாதியை எடுத்துவிட்டு நான்கு போல்ட்டில் அதைக் காரின் தரையோடு முடுக்கினார். அடுத்த முறை மலையேறியபோது பதினேழு வளைவிலும் அவள் அசையாமல் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அதுவரை வானத்தையும் அம்மாவின் மோவாயையும் மட்டுமே பார்த்தவள். மனைவி இரண்டு கையையும் மடியில் சும்மா வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தபோது அழுதுகொண்டிருந்தாள்.

நான் என்ன நினைத்தேன் என்று சொல்ல வேண்டுமே. என் காரின் லட்சணம் போய்விட்டது என்று நினைத்தேன்.

பெட்ரோல் பங்கில் தெரிந்தவர் ஒருவர் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்து, "என்னண்ணே, சலூன் சேரைத் தூக்கி உள்ள வச்சிருக்கீக?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குப்பின் கடைவீதியில் காரை நிறுத்தினால் அந்தப் பக்கம் சுவரை ஒட்டி வருமாறு நிறுத்தப் பழகிக்கொண்டேன்.

அடுத்த ஆவணியில் என் தங்கைக்கு வரன் வந்தது. அப்பா இல்லை, நான்தான் முன்நின்று முடிக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் மதுரைப் பக்கம். ரயிலில் வந்து இறங்குவார்கள், நான் காரில் அழைத்துவர வேண்டும். எங்கள் சொந்தத்தில் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "வீட்டுல இப்படி ஒரு பிள்ள இருக்குன்னு தெரிஞ்சா, ரத்தத்துல இருக்குன்னு நெனப்பாக மாப்ளே. முடியுற மட்டும் கண்ணுல காட்டாத" என்றார். அவர் சொல்லியிருக்காவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன்.

மனைவியின் சின்னம்மா ராசிங்காபுரத்தில் இருந்தார். பிள்ளையை ஒருநாள் அங்கே விடலாம் என்றேன். மனைவி பிள்ளையின் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். முதல்நாள் சாயங்காலம் இருவருமாகக் கொண்டுபோய் விட்டுவந்தோம். மறுநாள் காலை நான் சீட்டைக் கழற்றினேன். நான்கு போல்ட்டு, பத்து நிமிஷ வேலை. வீட்டை ஒட்டிய ஏலக்காய்க் குடோனில் சாக்குகளுக்குப் பின்னால் வைத்து மேலே ஒரு சாக்கைப் போர்த்தினேன். எடுத்து வைத்திருந்த பழைய பாதிச் சீட்டை இடத்தில் பொருத்தினேன். கார் கார் மாதிரி ஆனது.

அவர்கள் வந்தார்கள், பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்துப்போனது. சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டே தை மாசம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவர்களை ரயிலேற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி கொல்லையில் அண்டாவைத் துலக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்:

"வெரசாப் போயி பிள்ளையக் கொண்டாங்க. சீட்ட மாட்டிட்டுப் போங்க."

"சரி" என்றேன்.

மாட்டவில்லை. புது வேட்டி கட்டியிருந்தேன், குடோனில் தூசி என்று ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். ராசிங்காபுரம் ஏழெட்டு மைல்தான், மேடு பள்ளம் இல்லாத சாலை, ஒரு வளைவுகூடச் சொல்லும்படி கிடையாது என்று இன்னொரு காரணம். இந்த இரண்டுக்கும் அடியில் கிடந்தது வேறு. காலையிலிருந்து அந்தச் சீட்டு இல்லாத காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து வந்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் அப்படியே ஓட்டிப் பார்க்க ஆசையாக இருந்தது.

சின்னம்மாவுக்கு முழங்கால் வலி. வாசலைத் தாண்டி வரவில்லை. "பாத்துக் கூட்டிட்டுப் போ அப்பு" என்று கதவடியிலேயே நின்றுகொண்டார். நான் மகளைத் தோளில் போட்டுத் தூக்கிவந்தேன். காரைப் பார்த்ததும் "ஊ" என்றாள். பின்சீட்டில் படுக்கவைத்து, தோள் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்து, துணிப்பையை விளிம்பில் தடுப்பாக வைத்தேன். அவள் கண் தன் சீட்டு இருந்த இடத்துக்குப் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, பிறகு என் முகத்துக்கு வந்தது.

"வீட்டுக்குப் போயி மாட்டிக்கிருவோம் தாயி. இந்தா, பத்து நிமிஷம்" என்றேன்.

பாதி வழியில் புளியமரங்களுக்கு நடுவிலிருந்து ஆடுகள் சாலைக்குள் ஓடிவந்தன. ஒன்று வந்தது, அதன் பின்னால் மொத்த மந்தையும் வந்தது. பிரேக்கை முழுக்க மிதித்தேன். ஆடு எதுவும் அடிபடவில்லை. பின்னால் ஒரு சத்தம் கேட்டது.

இரண்டு சீட்டுக்கும் நடுவில் தரையில் முகம் குப்புறக் கிடந்தாள். மற்றப் பிள்ளைகள் விழுந்தால் கையை ஊன்றும். அவளுக்கு ஊன்றக் கை வராது. முன் சீட்டின் அடியில் இருந்த இரும்பில் நெற்றி பிளந்திருந்தது. முன்பல் இரண்டு இல்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அவளைத் தூக்கி, இடது கையால் மடியில் அணைத்துக்கொண்டு வலது கையால் ஓட்டி ஊருக்குள் வந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "எப்படி விழுந்துச்சு?"

"வலிப்பு வந்துருச்சு சார்" என்றேன்.

முன்கூட்டி யோசித்துவைத்த சொல் இல்லை அது. ஒரு வயதில் காய்ச்சலில் ஒரே ஒரு தடவை அவளுக்கு வலிப்பு வந்திருந்தது. அந்த ஞாபகம் எங்கிருந்தோ ஓடிவந்து என் நாக்கில் உட்கார்ந்துகொண்டது.

"ஓடுற கார்லயா? கட்டி உட்கார வைக்கலையா?"

"கட்டித்தான் இருந்துச்சு. வலிப்புல துள்ளி, வாரை விட்டு நழுவிட்டா."

அவள் மேஜையில் கிடந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்தது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர். ஒருவருக்குப் பேச வராது.

தகவல் போய் மனைவி குதிரை வண்டியில் வந்து சேர்ந்தாள். நெற்றித் தையலைப் பார்த்தாள், பல் இல்லாத வாயைப் பார்த்தாள். அப்புறம் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "சீட்ட மாட்டித்தான போனீக?"

"மாட்டித்தான் போனேன். வலிப்பு வந்துருச்சு."

அவள் நம்பினாள். "ஐயோ, எம்புள்ள ஓடுற வண்டியில தனியாக் கெடந்து துடிச்சிருக்கே" என்று பிள்ளையின் கையை முகத்தில் வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் அங்கேயே இருக்க வேண்டும் என்றார்கள். "துணிமணி எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். குடோனைத் திறந்து, சாக்கை விலக்கி, சீட்டைத் தூக்கிவந்து காரில் மாட்டினேன். ஸ்பேனர் இரண்டு தடவை கீழே விழுந்தது. அப்படியும் பத்து நிமிஷம்தான் ஆனது. தரையில் இருந்த ரத்தத்தைத் துடைத்தேன். துடைத்த துணியைக் குடோனுக்குள் தூக்கி எறிந்தேன். பிறகு மறக்காமல் துணிமணியும் எடுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரை நான் குற்றம் சொல்ல முடியாது. அப்பன்காரன் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறான்; ஓடுகிற காரில் வாரை விட்டு நழுவி விழுகிற அளவுக்கு வலிப்பு. அவர் அதற்குத் தக்கபடி மாத்திரை எழுதினார், காலையும் மாலையும். எந்தெந்த நாளில் வலிப்பு வருகிறது என்று குறித்துவைக்கச் சொன்னார். மனைவி ஒரு நோட்டு வாங்கினாள். மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பாள். இரண்டாவது வேளை முடிந்ததும் நோட்டில் தேதி போட்டு, "வரவில்லை" என்று எழுதுவாள். எழுதிவிட்டு என்னிடம் சொல்வாள்:

"மருந்து நல்லா கேக்குதுங்க. இன்னைக்கும் வரல."

பிள்ளை தூங்கத் தொடங்கினாள். சாப்பிடும்போதே கண் சொருகும். கடைவாயில் எச்சில் வழிந்தபடி இருக்கும். பால் பொங்குகிறது என்று அடுப்படியிலிருந்து சத்தம் கேட்டால் கண் எங்கேயும் போகாது. "தூ" நின்றது. "ஊ" நின்றது. "ம்மா" எப்போதாவது வந்தது. "வலிப்பு வந்த பிள்ளைக அப்படித்தான் மந்தமாகிப் போகும்" என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். மருந்தின் வேலை என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது அடுத்த பொய். முதல் மாதத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்தபின் நான்கு மாதம் சும்மா இருந்தேன்.

விழுந்து ஒரு மாதம் இருக்கும், குஷன் கடைப் பாய் வீட்டுக்கு வந்தார். கையில் புதிதாகத் தைத்த வார்கள். எங்களைக்கூடச் சரியாகப் பார்க்காமல் நேரே காருக்குப் போனார். பழைய வாரை இழுத்து இழுத்துப் பார்த்தார். கொக்கியைப் போட்டுக் கழற்றினார். தையலை நகத்தால் கீறினார்.

"எங்கயும் விடலையே முதலாளி. எப்படி நழுவுச்சு?" என்றார். வெகுநேரம் யோசித்துவிட்டு, "தொடைக்கு நடுவுல ஒரு வாரு கொடுத்திருக்கணும். நாந்தான் கொடுக்கல. அளவெடுத்ததுல எம் பெசகு" என்றார்.

புது வாரைச் சேர்த்துத் தைத்து முடிக்க மத்தியானம் ஆனது. மனைவி காபி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. கூடத்துக்குள் வந்து, மயங்கிக் கிடந்த பிள்ளையின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தாயி, உன்ன நம்ப வச்சுக் கெடுத்துப்புட்டேன். மாமன மன்னிச்சுருடா."

வயதான மனிதர். அவர் தோள் குலுங்கியது. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அந்த இடத்திலாவது என் வாயிலிருந்து உண்மை வந்திருக்கலாம். வந்தது இதுதான்:

"விடுங்க பாய். நம்ம நேரம். நீங்க என்ன செய்வீக?"

தையில் தங்கை கல்யாணம் நடந்தது. பிள்ளையைப் பின்கட்டில் ஒரு அறையில் படுக்கவைத்திருந்தோம். தாலி கட்டி முடிந்த கையோடு மாப்பிள்ளையின் அம்மா என்னைத் தேடி வந்தார்.

"உங்க மக எங்க தம்பி?"

நான் பந்தலுக்குள் யாரையோ தேடுவதுபோலத் திரும்பினேன்.

"தரகர் மொத நாளே எங்ககிட்டச் சொன்னாரே, இப்படி ஒரு பிள்ள இருக்குன்னு. பொண்ணு பாக்க வந்தன்னைக்கே பாக்கணும்னு இருந்தேன். நீங்களாக் காட்டல, எப்படிக் கேக்குறதுன்னு விட்டுட்டேன்."

நானே அழைத்துக்கொண்டு போனேன். அவர் பிள்ளையின் தலையைத் தடவினார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பையிலிருந்து ஒரு கிலுகிலுப்பையை எடுத்து ஆட்டினார். பிள்ளைக்கென்று ஊரிலிருந்தே வாங்கி வந்திருக்கிறார். அவள் கண் திறக்கவில்லை. "எந்நேரமும் இப்படித்தான் தூங்குமா?" என்று கேட்டார். "ஆமா" என்று என் மனைவி சொன்னாள். "முன்னெல்லாம் இப்படி இல்ல. சத்தம் கேட்டாச் சிரிப்பா."

நான் யாரிடமிருந்து மறைக்க அந்தச் சீட்டைக் கழற்றினேனோ, அந்த அம்மாள் என் பிள்ளையை எழுப்பப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளை எழும்பவிடாமல் செய்தவன் நான்.

கல்யாண வீட்டுப் பந்தலைப் பிரித்த மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். டாக்டர் நான் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் பேனாவை மூடி வைத்தார்.

"வலிப்பே வராத பிள்ளைக்கா அஞ்சு மாசமா மருந்து கொடுத்துக்கிட்டிருக்கேன்?"

"ஆமா சார்" என்றேன்.

"உங்க வாயை நம்பித்தானய்யா எழுதுனேன். பெத்தவன் சொன்னதை நம்பாம வேற யாரைக் கேக்குறது நான்?" பிறகு சொன்னார்: "இதைப் படக்குன்னு நிறுத்த முடியாது. நிறுத்தினா நிஜமாவே வலிப்பு வந்துரும். கொஞ்சங் கொஞ்சமாத்தான் குறைக்கணும். தினமும் மருந்து கொடுக்குறது உங்க சம்சாரம். அவங்களுக்கு நீங்களே சொல்லணும். நான் சொல்லமாட்டேன்."

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி மாத்திரையைப் பொடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். ஆடுகளைச் சொன்னேன், பின்சீட்டைச் சொன்னேன், வலிப்பு வரவில்லை என்று சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. பொடித்ததைத் தேனில் குழைத்து, எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்டாள். சொன்னேன். அந்த அளவு குறைத்துப் பிள்ளைக்குக் கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டு வந்தாள்.

"துணி எடுத்துட்டு வர்றேன்னு போனீகளே. அப்பத்தான் மாட்டுனீகளா?"

"ஆமா."

"எவ்வளவு நேரமாச்சு, மாட்ட?"

"பத்து நிமிஷம்."

அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். "இத நீங்களே வச்சுக்கங்க" என்றாள். பக்கம் பக்கமாக அவள் கையெழுத்து. வரவில்லை, வரவில்லை, வரவில்லை.

அன்று அழுதாளா என்று எனக்குத் தெரியாது. என் எதிரில் அழவில்லை. விளக்கு வைத்தபின் ஒன்றே ஒன்று கேட்டாள்: "பாய்கிட்ட யாரு சொல்றது? நீங்களா, நானா?"

மறுநாள் கடைக்குப் போனேன். வேலையாட்கள் இருந்தார்கள். அவர்களை வெளியே போகச் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். அதுவும் சின்னத்தனம் என்று பட்டது. எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஒரு ஜீப்புக் கூடாரத்தில் ஊசியைக் குத்திய பாய் இழுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

"அப்ப என் வாரு நழுவல."

"இல்ல பாய்."

"அன்னைக்கு அந்தப் பிள்ள காலப் புடிச்சேனே. பாத்துக்கிட்டுத்தானே நின்னீக?"

"ஆமா."

அவர் ஊசியை இழுத்து நூலை முடிந்தார். "இம்புட்டு நாளா இந்தக் கையால வாரு தைக்கும்போதெல்லாம் பயந்துக்கிட்டுத் தைக்கிறேன் முதலாளி" என்றார். பிறகு சொன்னார்: "உங்க வண்டிச் சோலிக்கு வேற கடை பாத்துக்கங்க. பிள்ளைக்கு ஏதாச்சும் வேணும்னா அம்மாவச் சொல்லி அனுப்பச் சொல்லுங்க. நானே வர்றேன்."

சொன்னபடியே செய்தார். பிள்ளை வளர வளர வருஷம் ஒருமுறை வந்து வாரை நீட்டித் தைத்தார், தலைக் காதை உயர்த்தி வைத்தார். நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வருவார். தெருவில் எதிரே வந்தால் சலாம் சொல்வார். அதற்கு மேல் பேச்சு இல்லை.

மருந்து முழுதாக நிற்க அடுத்த ஆடி வரை ஆனது. முதலில் கண் தெளிந்தது. பிறகு எச்சில் குறைந்தது. ஒருநாள் அடுப்படியில் பாத்திரம் விழுந்த சத்தத்துக்கு அவள் சிரித்தாள். மனைவி இன்னொரு பாத்திரத்தை எடுத்து வேண்டுமென்றே கீழே போட்டாள். "ம்மா" வந்தது. "தூ" வந்தது, அதையும் அம்மாவிடம் மட்டும்தான் சொன்னாள். "ப்பா" வரவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் வரவில்லை. மருந்தால் மறந்துபோனதா, அவளாகச் சொல்லவில்லையா என்று மனைவியிடம் கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

அதன் பிறகு மனைவி என்னோடு மகளைத் தனியே காரில் அனுப்பியதில்லை. எங்கே புறப்பட்டாலும், யார் நின்று பார்த்தாலும், முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்து அந்த நான்கு போல்ட்டையும் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள். ஏலக்காய் வாங்க வந்த வெளியூர் வியாபாரிகள் ஒருமுறை பார்த்துவிட்டு, "என்னம்மா, சாருடைய வேலையில நம்பிக்கை இல்லையா?" என்று வேடிக்கையாகக் கேட்டார்கள். அவள் சிரித்துவிட்டு ஏறிக்கொண்டாள். அவள் என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் ஒருநாள் அது தீர்ந்திருக்கும்.

எண்பதுகளின் நடுவில், மகளுக்குப் பதின்மூன்று வயது ஆகியிருந்தது, தோட்டத்துக்குப் போயிருந்தோம். மனைவி வேலையாட்களுக்குத் துணி கொடுக்க, அவர்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் இறங்கிப் போனாள். காரில் நானும் மகளும் மட்டும். டாக்டரிடம் சொன்னேன், மனைவியிடம் சொன்னேன், பாயிடம் சொன்னேன். அடிபட்டவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது எனக்கு அந்த நேரத்தில்தான் உறைத்தது. ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவே இல்லை.

முன் சீட்டிலிருந்து அவள் பக்கம் திரும்பி முழங்காலிட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னேன். பெரியவர்களிடம் சொல்வதைப் போலவே, ஒன்றையும் விடாமல். கார் அழகாக இருக்க வேண்டும் என்று நினைத்ததைச் சொன்னேன். "உனக்கு வலிப்பு வரல தாயி. அப்பன் பொய் சொன்னேன்" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் முகத்தை மெதுவாகக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள். கழுத்தைத் திருப்புவது அவளுக்குச் சாதாரண வேலை இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, முகம் சிவக்க, திருப்பினாள்.

மனைவி வந்து ஏறினாள். எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"என்ன சொன்னீக அவகிட்ட?"

"எல்லாத்தையும்."

"என்ன செஞ்சா?"

"மூஞ்சியத் திருப்பிக்கிட்டா."

"திருப்பட்டும்" என்றாள் மனைவி. "இம்புட்டு நாளா அதுக்குக்கூட அவளுக்கு வழி இல்லாமத்தான் இருந்துச்சு. வண்டிய எடுங்க."

மூன்று நாள் மகள் என் கையால் சோறு வாங்க மறுத்தாள். கரண்டியைக் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொள்வாள். அம்மா கொண்டுபோனால் திறப்பாள். நான்காம் நாள் காலையில் அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது இட்லியைப் பிட்டுக் கொண்டுபோனேன். வெகுநேரம் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள். பசித்திருக்கலாம்.